பொன்னையா கறித்தூள்

காசிம் நானாவின் கடைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் உண்டு. மழை பெய்தால் ஓடும், பெய்யாவிட்டால் நாறும். அன்றைக்கு நாறிக்கொண்டிருந்தது. என் அக்கா பாக்கியம் அந்த வாய்க்கால் ஓரத்தில் குந்தி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சேற்றில் கிடந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மிதிச்சிராத!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

குனிந்து பார்த்தேன். மஞ்சள் காகிதம், சிவப்பு எழுத்து. மேலே தமிழில், கீழே சிங்களத்தில் அத்தானின் பெயர். எல்லாம் நாங்கள் வீட்டில் உட்கார்ந்து மாப்பசை தடவி ஒட்டிய லேபல்கள். சில முழுசாக இருந்தன. சில பாதியாகக் கிழிந்து, மேல் பாதி ஒரு பக்கம் கீழ்ப் பாதி ஒரு பக்கமாகக் கிடந்தன. ஒன்றின் மேல் யாரோ செருப்புக் காலோடு நடந்துபோன அச்சு இருந்தது.

அக்கா அந்தத் துண்டை எடுத்துச் சேலையில் துடைத்தாள். துடைக்கத் துடைக்கச் சிவப்பு மை கரைந்து சேலையில் ஒட்டியது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"வாடி" என்றாள். "அந்த மனுசன் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த கேக்கணும்."

அதற்குப் பிறகு கடைக்குள் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. நான் எதையும் நேராகச் சொல்லத் தெரியாதவள் என்பது இந்தத் தொடரை வாரா வாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலுக்குப் பூசும் சமாச்சாரம்

மாத்தளையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு தலைவிதி. ஒரு சொல் வாயிலிருந்து புறப்பட்டு எதிரே நிற்பவர் காதுக்குப் போவதற்குள் வேறொன்றாகிவிடும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே கடைத்தெருவில் சாமான் வாங்கினால் வேறென்ன நடக்கும்!

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு சிங்கள வைத்தியர் பித்தவெடிப்புக்குக் களிம்பு செய்து தகர டப்பியில் அடைத்து விற்றார். நல்ல மனுசர். தோட்டத்துப் பெண்களின் பாதங்களைப் பார்த்து இரக்கப்பட்டு, அவர்களும் வாசிக்கட்டும் என்று டப்பியின் மேல் தமிழிலும் எழுத வைத்தார். சிங்களத்தில் களிம்புக்கு மலம என்று பெயர். டப்பியில் 'பாத மலம்' என்று வந்துவிட்டது.

எழுத்துத் தெரிந்த கங்காணி மகன் ஒருவன் அதை லயத்து வரிசை வீடுகளின் வாசலில் உரக்க வாசித்தான். அவ்வளவுதான். லயமே உருண்டு புரண்டு சிரித்தது. "காசு குடுத்து அதையா வாங்குவாங்க, சீ!" என்று பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். என் அம்மாவுக்கு மட்டும் வெடிப்பு தாங்க முடியவில்லை. ஒன்று வாங்கி, வேறொரு கிண்ணியில் மாற்றி, டப்பியைக் குழி தோண்டிப் புதைத்தாள். களிம்பு கேட்டது. ஆனாலும் எங்கே வாங்கினாய் என்று கேட்டவர்களுக்கு அவள் கடைசிவரை பதில் சொல்லவில்லை.

பிறகு உக்குவளை ஸ்டேஷனில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஐயா இருந்தார். சுத்தத் தமிழ் பேசுவார். தன் ஊரில் உறவினர் செய்யும் சாம்பிராணியைத் தருவித்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் விற்பார். அதன் பெயர் 'நறும்புகை'. சிங்களத்தில் பின்பக்கத்துக்குச் சொல்லும் மோசமான சொல் அந்தப் புகைக்கு ரொம்பக் கிட்டத்தில் வரும். ஐயா பிளாட்பாரத்தில் நின்று, "நறும்புகை ஒண்டு கொண்டு போங்கோ, வீடெல்லாம் மணக்கும்" என்பார். பள்ளிக்கூடம் விட்டு வரும் சிங்களப் பிள்ளைகள் தூணுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொள்ளும். அவர், "இந்தப் பிள்ளையளுக்கு என்னைக் கண்டால் சரியான சந்தோசம்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

இதையெல்லாம் சொல்லி நாங்களும் சிரித்தவர்கள்தான். நன்றாகவே சிரித்தோம். அப்போது அது எங்கள் வீட்டுக்கு வரும் என்று நினைக்கவில்லை.

அத்தான்

அத்தான் லொறி டிரைவர். மாத்தளையிலிருந்து மிளகும் கொக்கோவும் கராம்பும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார். வரும்போது எங்களுக்குப் பிடித்த பிஸ்கட் ஏதாவது கொண்டுவருவார். அப்பாவும் அம்மாவும் போன பிறகு நான் அவர்களோடுதான் இருந்தேன். ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. டீச்சர் என்று பெயர், சம்பளத்தைக் கேட்காதீர்கள்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கோயில், விரதம், நேர்த்தி என்று அக்கா செய்யாதது இல்லை. பிறகு கண்டியில் ஒரு டாக்டரிடம் போனார்கள். திரும்பி வந்த அன்று அத்தான் சாப்பிடவில்லை. அக்கா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டுபோய், "குறை அவருகிட்டத்தானாம். நீ செத்தாலும் இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றாள்.

அன்றையிலிருந்து யார் கேட்டாலும், "எனக்குத்தான் கர்ப்பப்பை சரியில்லியாம்" என்று அக்காவே முந்திக்கொண்டு சொல்வாள். அத்தானின் சொந்தக்காரிகள் நல்ல நாள் பெரிய நாளில் அவளைப் பந்தலுக்குள் விடமாட்டார்கள். மலடி என்ற சொல்லை அவள் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. கேட்டுக்கொண்டு சும்மா நிற்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏதாவது சொல்ல வாயெடுத்தால் காலைக் கிள்ளிவிடுவாள்.

அத்தானின் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் "இந்தாங்க" என்பாள். அந்தக் காலத்தில் புருஷன் பெயரைச் சொல்கிற பெண் ஏது? அக்கா அதிலும் ஒரு படி மேலே. பொன்னாங்கண்ணிக் கீரையில் பாதிப் பெயர் வருகிறதே என்று அதைக்கூடச் சிங்களத்தில் முக்குணுவென்ன என்று கேட்டுத்தான் வாங்குவாள். நான் கிண்டல் செய்வேன். "போடி, உனக்கு ஒருத்தன் வரட்டும், அப்ப தெரியும்" என்பாள்.

ஒரு மழைக்காலத்தில் லொறி பள்ளத்தில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் இறந்தவரின் பெயரைக் கேட்டார்கள். அக்கா அந்த நிலைமையிலும் என்னைத்தான் பார்த்தாள். நான் சொன்னேன். நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

காரியம் முடிந்ததும் அத்தானின் அண்ணன் வேலு தோட்டத்திலிருந்து வந்து உட்கார்ந்தார். "ஒத்தப் பொம்பள டவுன்ல இருந்து என்னா செய்யப் போற? எங்ககூட வந்துரு. ஒரு மூலையில கெட" என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த மூலை எப்படிப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும். மலடி என்று சொன்னவர்களின் வீட்டு மூலை. காலையில் எழுந்து அவர்கள் முகத்தில் விழிக்காமல் ஒதுங்கி நிற்க வேண்டிய மூலை.

"கொஞ்ச நாள் பொறுங்க மாமா. நான் ஒரு தொழில் செய்யப் போறேன். நடக்கலன்னா வந்துர்றேன்" என்றாள் அக்கா.

மஞ்சள் லேபல்

அக்கா கைப்படச் செய்யும் கறித்தூளுக்குக் கடைத்தெருவில் ஏற்கெனவே பேர் இருந்தது. மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, பட்டை, ஏலம், கறிவேப்பிலை, ரம்பை எல்லாவற்றையும் தனித்தனியாகக் கருகாமல் வறுப்பாள். வறுக்கும்போது பேசமாட்டாள். மில்லில் அரைக்கக் கொடுத்தால் பக்கத்திலேயே நிற்பாள், வேறு யாருடைய மிளகாயும் கலந்துவிடக் கூடாது என்று.

"என்ன பேரு வைக்கப் போற?" என்று கேட்டேன்.

"அவரு பேருதான்" என்றாள். "லொறி சொந்தமா வாங்கி முன்னால பேரு எழுதணும்னு எவ்வளவு ஆசப்பட்டாரு. லொறியிலதான் எழுதல. இதுலயாவது எழுதுவோம்."

புருஷன் பெயரைச் சொல்லத்தான் கூடாது, எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! அவள் முகத்தில் பல நாள் கழித்து ஒரு வெளிச்சம் வந்ததை அன்றைக்குப் பார்த்தேன்.

அச்சகத்துக்குப் போனோம். முதலாளி தமிழர். பெயரை நான்தான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "சிங்களத்திலயும் போடணுமா அம்மா?" என்று கேட்டார். "கிராமத்துக் கடைகளுக்கெல்லாம் போகணும்ல, போடுங்க. பெருசா போடுங்க" என்றாள் அக்கா. உள்ளேயிருந்து சிங்கள எழுத்துக் கோப்பவர் தாளும் கையுமாக வெளியே வந்து, "மேக்கமத நம, நோனா?" என்று கேட்டார். இதுதானா பெயர் என்கிறார். அக்கா பெருமையாகத் தலையாட்டினாள். அவர் தன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார்.

இப்போது சொல்லிவிடுகிறேன். அத்தானின் பெயருக்கு மிகக் கிட்டிய ஓசையில் சிங்களத்தில் ஒரு வசவு உண்டு. ஆண்மையில்லாதவன், ஆம்பிளையே இல்லை என்று ஒருவனைக் கேவலப்படுத்த ஆண்கள் எறிகிற சொல். சந்தியில், சாராயக்கடையில், லொறி நிறுத்தத்தில் புழங்குவது. யார் மேல் எறிந்தாலும் காயப்படுத்துகிற சொல் அது. எறிகிறவர்களுக்கு அதில் அப்படி என்ன சுகமோ, நாசமாய்ப் போக!

ஆனால் அது எங்களைப் போன்ற தமிழ்ப் பெண்கள் காதில் விழாது. நாங்கள் பேசிய சிங்களம் தேங்காய் வாங்குகிற சிங்களம், பஸ்ஸில் இடம் கேட்கிற சிங்களம். பெண்கள் வந்தால் ஆண்கள் அந்தச் சொல்லை விழுங்கிவிடுவார்கள். ஆகவே மாத்தளையில் ஆம்பிளையாய்ப் பிறந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். எங்கள் இருவருக்கும் தெரியாது.

கள்ளன்

காசிம் நானாவின் கடை பலசரக்குக் கடை. பரம்பரையாக மாத்தளைக்காரர். வெள்ளைத் தொப்பி, மெலிந்த உடம்பு, சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. அவர் கடையிலிருந்துதான் சுற்றுக் கிராமத்துச் சில்லறைக் கடைகளுக்குச் சரக்குப் போகும். அக்கா கொண்டுபோன தூள் பொட்டலத்தை, அந்தப் பக்கெட்டை, மூக்கில் வைத்துப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். லேபலைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். எடுத்து உள்ளே வைத்தார்.

தூள் விற்றது. வாரா வாரம் இன்னும் கொண்டுவரச் சொன்னார். அக்கா பெரிய அண்டா வாங்கினாள். வேலு மாமாவுக்கு, இப்போதைக்கு வரவில்லை என்று ஆள் சொல்லி அனுப்பினாள். நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து லேபல் ஒட்டினேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வாய்க்கால்.

கடைக்குள் போனோம். நல்ல கூட்டம். சிங்கள ஆட்களும் நம்மவர்களுமாக ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அக்கா சேற்று லேபல்களைத் தராசுத் தட்டுக்குப் பக்கத்தில் கொட்டினாள்.

"இது என்னா நானா?"

நானா அதைப் பார்த்தார். பிறகு நின்ற ஆட்களைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"உள்ளுக்கு வாங்க தங்கச்சி, பேசுவோம்."

"உள்ளுக்கு என்னாத்துக்கு? இங்கயே சொல்லுங்க. யாரு கிழிச்சது?"

"நான்தான்."

"ஏன்?"

நானா கல்லாவில் இருந்த துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், மடித்து வைத்தார், மறுபடி எடுத்தார்.

"அவரு பேரக் கிழிச்சிட்டு, ஒங்க சரக்குன்னு விக்கிறீங்க. அதான? நான் வேர்வ சிந்தி வறுத்த தூளு, செத்துப்போன மனுசன் பேரு. அத வாய்க்கால்ல போட்டுட்டு ஒங்க தூளுன்னு விக்கிறீங்க!"

மூலையில் நின்ற ஒரு வயதான சிங்கள மாமா, "நே நோனா, ஏக்க நெமெய்..." என்று ஆரம்பித்தார். அப்படியில்லை என்று சொல்லவந்தார். நானா சட்டென்று கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"ஓம் தங்கச்சி" என்றார். "நீங்க செல்றது சரி. என்ட சரக்குன்னு விக்கத்தான் கிழிச்சேன்."

"கள்ளன்!" என்றாள் அக்கா.

தலைமுறையாக அந்தத் தெருவில் தராசு பிடித்த குடும்பம். நானா தலையைக் குனிந்துகொண்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு சாமானைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்களுக்கு அது எல்லாருமே அவருக்கு உடந்தை என்பது போலப் பட்டது. மிச்சமிருந்த பக்கெட்டுகளை நானும் அக்காவும் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டோம். வரும் வழியெல்லாம் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். நல்ல நல்ல திட்டாகத் தேடித் தேடித் திட்டினேன்.

யட்டவத்த சந்தை

"நம்மளே விப்போம்" என்றாள் அக்கா.

யட்டவத்த சந்தைக்குப் பஸ் ஏறினோம். ஒரு வெற்றிலைக்காரிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நல்ல பருத்த, சிரித்த முகத்துச் சிங்களப் பெண். அக்காவை நங்கி, அதாவது தங்கச்சி, என்று கூப்பிட்டு, சாக்கு விரிக்கக் கைகொடுத்தாள். அக்கா பக்கெட்டுகளைப் பெயர் தெரிகிற மாதிரி அடுக்கினாள். சிங்கள எழுத்து வருகிறவர்கள் பக்கம் பார்க்கும்படி ஒவ்வொன்றையும் திருப்பி வைத்தாள்.

சந்தையில் சத்தம் போட்டால்தான் விற்கும். ஒரு பக்கம் கருவாடு, ஒரு பக்கம் வெங்காயம், எல்லாரும் கத்துகிறார்கள். அக்கா பக்கெட்டைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். ஒரு அம்மா வந்து என்ன தூள் என்று கேட்டால், லேபலை விரலால் காட்டுவாள். புருஷன் பெயரைக் கூவி விற்க அவளால் முடியுமா?

எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குத்தானே சொல்லக் கூடாது, எனக்கென்ன? நான் டீச்சர். வகுப்பில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. எழுந்து நின்றேன்.

"பொன்னையா! பொன்னையா! மாத்தளைப் பொன்னையா!"

கருவாட்டுக்காரன் நிறுத்தினான். வெங்காயக்காரன் நிறுத்தினான். பிறகு எங்கேயோ ஒருவன் வெடித்துச் சிரித்தான். அது பரவியது. நான் இன்னும் உரக்கக் கூவினேன், மக்கு! கவனிக்கிறார்கள் என்று எனக்கு உற்சாகம். இளவட்டங்கள் நாலைந்து பேர் வந்து பக்கெட்டை எடுத்து, எழுத்தைக் கூட்டி வாசித்து, ஒருவனை ஒருவன் காட்டி, "மெயாட்ட ஏகக்!" என்றார்கள். இவனுக்கு ஒன்று கொடு என்று. ஒருவன் பக்கெட்டை இன்னொருவன் இடுப்புக்குக் கீழே வைத்துக் காட்டினான். ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனார்கள்.

அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது.

வெற்றிலைக்காரி எழுந்து அந்தப் பயல்களை விரட்டினாள். பிறகு எங்கள் பக்கத்தில் வந்து குந்தினாள். "அனே நங்கி" என்றாள். பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாக, "இது யாரு பேரு?" என்று கேட்டாள்.

"அக்கா வீட்டுக்காரரு பேரு" என்றேன் நான். "செத்துட்டாரு."

அவள் வாயில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அக்காவின் காதில் குனிந்து மெதுவாகச் சொன்னாள். ஒரு பெண்ணுக்குப் பெண்ணாகச் சொன்னதால்தான் சொல்ல முடிந்தது.

எனக்குக் கேட்டது. அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் கையைத்தான் பார்த்தேன். அந்தக் கை பக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்தது, பெயர் தரையைப் பார்க்கும்படி. கண்டியிலிருந்து திரும்பிய அந்த நாளிலிருந்து எந்த ஒன்றை மூடி மூடி வைத்தாளோ, எதற்காக மலடி என்ற பட்டத்தைத் தன் தலையில் வாங்கிக்கொண்டாளோ, அதையே அவள் கையால் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பியிருக்கிறாள். அப்படித்தான் அவள் நினைத்திருப்பாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தை பேசினாள். "நானா கள்ளன் இல்லடி" என்றாள்.

நானாவின் கடையில்

மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்குப் போனோம். நானா படிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை.

"எத்தனை பேருக்கு முன்னால கள்ளன்னு சொன்னேன் நானா. இப்ப அத்தனை பேரையும் கூப்பிடுங்க, நான் கால்ல விழுறேன்."

"அஸ்தஃபிருல்லாஹ்! என்ன பேச்சு இது. இருங்க தங்கச்சி."

"ஏன் நானா சொல்லல?"

"எப்படிச் செல்ல?" என்றார். "மவுத்தான மனிசன்ட பேரு. அத ஒரு கெட்ட சொல்லுன்னு அவருட பொஞ்சாதிக்கிட்ட நான் என்ட வாயால செல்லவா? என்ன கள்ளன்னு செல்லிட்டு நீங்க நிம்மதியாப் போனா போதும்னு நினைச்சேன்."

அக்கா அப்போதுதான் அழுதாள். நானா கடை வாசலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்.

"நானா, ஒன்னு கேக்குறேன். அவருக்குத் தெரியுமா? இந்தச் சொல்லு?"

நானா ஒருமுறை பொய் சொன்னவர். இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் வாய்வரை வந்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லொறிக்காரன் தங்கச்சி. தெரியாம ஈக்குமா?" என்றார். "ரோட்டுல எல்லாருக்கும் அவர் ராஜா. யாராவது பேரு கேட்டா ராஜான்னுதான் செல்லுவார். சிங்கள ஆள், எங்கட ஆள் எல்லாருக்கும் ராஜா. மய்யித்தப் பாக்க வந்த அன்டைக்குத்தான், அவருட சரியான பேர நானே தெரிஞ்சிக்கிட்டேன்."

நானாவே, பேர் ஒட்டாமல் கொண்டுவாருங்கள், எவ்வளவானாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அக்கா தலையாட்டினாள். அப்படியே நடந்தது. வெறும் காகிதப் பக்கெட்டில் கட்டிக் கொடுத்தோம். யட்டவத்த, உக்குவளை எல்லா இடத்துக்கும் போனது. நன்றாகவே விற்றது. வேலு மாமா வீட்டு மூலைக்கு அக்கா போகவில்லை. கடைசிவரை மாத்தளையில், தன் சொந்தச் சமையலறையில், தன் சோற்றைத் தின்றாள். அதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு.

அந்தக் காலையில் நானாவின் கடையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்பு மூட்டவில்லை. மிச்சமிருந்த லேபல் கட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அவரு சின்ன வயசுலயே அவங்கம்மா போயிட்டாங்க" என்றாள். "அண்ணன் அவர தம்பின்னு கூப்புடுவாரு. நீ அத்தான்னு கூப்புடுவ. தோட்டத்துக்காரங்களுக்கு டிரைவர். ரோட்டுல ராஜா."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இவ்வளவு நல்ல பேர வச்சிக்கிட்டு, அத ஒருத்தர் வாயால கேக்காமயே போயிட்டாரேடி. பயந்து பயந்து மறைச்சிருக்காரு பாவி மனுசன். வீட்டுக்கு வந்தா நானாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னா அது வசவா இருந்திருக்காது."

"இப்ப சொல்லுக்கா" என்றேன். "யாரும் இல்ல. நான் வேணா வெளிய போறேன்."

வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். உள்ளே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இந்தாங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை, "இந்தாங்க" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு வந்தது.